அஞ்சிய ஆறு திங்கள்

நம் மீலாது மேடைகளிலும் மத்ரஸா ஆண்டு விழாக்களிலும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் துறவு வரலாறு சொல்லப்படாத ஆண்டு அரிது. பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலையில் தலைமை ஆசிரியராய் வீற்றிருந்தார்கள். உலக வாழ்வின் பொய்ம்மையை உணர்ந்தார்கள். அனைத்தையும் உதறி எழுந்து சென்றார்கள். இவ்வளவில் அவ்வரலாறு முடிந்துவிடும். கேட்போர் 'ஸுப்ஹானல்லாஹ்' என்பர். பேசுவோர் அடுத்த வலியுல்லாஹ்வின் வரலாற்றுக்குச் சென்றுவிடுவர்.

ஆனால் இமாம் அவர்கள் தம் கைப்பட எழுதி வைத்துள்ள நூலில் உதறி எழுந்த வீரர் ஒருவரை நாம் காண்பதில்லை. அதில் காண்பது, போக வேண்டிய வழி இது என்று தெளிவாகத் தெரிந்தும் ஆறு மாத காலம் போக அஞ்சி நின்ற ஒரு மனிதரை. இறுதியில் அவர்கள் போனார்கள் என்பதைவிட, போகும்படி ஆக்கப்பட்டார்கள் என்பதே அந்நூலின் வாக்குமூலம். அஞ்சி அஞ்சித் தள்ளிவைத்த அந்த நிகழ்ச்சியிலிருந்துதான் அவர்கள் பெற வேண்டியதைப் பெற்றார்கள். இந்த அச்சத்தை நீக்கிவிட்டு வரலாற்றைச் சொல்வது, இமாம் அவர்களைப் பெருமைப்படுத்துவதாக நாம் எண்ணிக்கொண்டு, அவர்கள் வேண்டுமென்றே எழுதி வைத்த ஒன்றை அழிப்பதாகும். ஆகவே 'அல்முன்கிது மினள்ளலால்' என்னும் அந்தச் சிறு நூலை, அதன் நடையையும் சொல்லையும் முன்வைத்து ஈண்டு ஆராய்வது பயனுடையது.

நூலும் அதன் காலமும்

'வழிகேட்டினின்றும் விடுவிப்பது' என்பது அந்நூற்பெயரின் பொருள். இமாம் அவர்கள் ஹிஜ்ரி 450-இல் (1058) தூஸ் நகர்ப்புறத்தில் பிறந்தார்கள் என்பது மரபான கணக்கு. இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் நைஸாபூரில் ஓதி, பின்னர் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையில் அறிஞர் பலரை வாதில் வென்று, ஹிஜ்ரி 484-இல் (1091) பக்தாது நிஜாமிய்யாவின் ஆசிரியர் பீடத்தில் அமர்ந்தார்கள். அங்கே முந்நூறு மாணவர்கள் தம்மிடம் ஓதினர் என்று அவர்களே குறிக்கிறார்கள். ஹிஜ்ரி 488-இல் அப்பீடத்தை விட்டு வெளியேறினார்கள். பதினொரு ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 499-இல் (1106) நைஸாபூரில் மீண்டும் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். அதன் பின்னர், ஐம்பது வயதைக் கடந்த நிலையில் எழுதப்பட்டதே இந்நூல். ஹிஜ்ரி 505-இல் (1111) தூஸில் அவர்கள் மறைந்தார்கள்.

இந்தக் கால இடைவெளி கருதத்தக்கது. நடந்தது நடந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அலை அடங்கிய கடலைக் கரையில் இருந்து பார்ப்பவர்போல் பார்த்து எழுதிய நூல் இது. அவ்வளவு காலம் கடந்தபின் எழுதுகிறவர் தம் தடுமாற்றங்களை மறைத்துவிட எண்ணியிருந்தால் எளிதில் மறைத்திருக்கலாம், கேட்பார் இல்லை. மறைக்கவில்லை என்பதே இந்நூலின் முதற் சிறப்பு.

அறிவில் துணிவு, வாழ்வில் அச்சம்

நூலின் முகப்பில் இமாம் அவர்கள் தம்மை ஓர் ஆழ்கடலில் குதித்தவராகக் காட்டுகிறார்கள். இருபது வயது நிரம்பும் முன்பிருந்தே சமயக் கொள்கைகள் என்னும் அந்தக் கடலில் மூழ்கி மூழ்கித் துழாவியதாகவும், கோழையைப் போலத் தயங்கித் தயங்கி இறங்காமல் துணிந்தவனைப் போல இறங்கியதாகவும் கூறுகிறார்கள். இது வெற்றுப் பெருமை அன்று. அடுத்து வரும் பக்கங்கள் இதற்குச் சான்று. கண் பொய் சொல்கிறது என்று கண்டார்கள்: நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் காட்டுகிறது, சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. விண்மீன் ஒரு தீனார் அளவே தோன்றுகிறது. கணக்கோ அது பூமியினும் பெரிது என்கிறது. அறிவு கண்ணைப் பொய்யாக்கியது. அந்த அறிவையும் பொய்யாக்கும் ஒரு நீதிபதி அதற்கு அப்பால் இல்லை என்பதற்கு என்ன உறுதி? கனவில் மெய்யென நம்பியது விழித்ததும் பொய்யாவதுபோல, இந்த விழிப்பும் வேறொரு விழிப்பின் முன் கனவாகுமானால்? ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இந்த ஐயத்தில் கிடந்து, தர்க்கத்தால் அன்றி இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால் மீண்டார்கள்.

பின்னர், மெய்யைத் தேடுவோரை நான்கு வகுப்பினராகப் பகுத்து ஒவ்வொருவரிடமும் செல்கிறார்கள்: இல்முல் கலாம் வாணர், மெய்யியலார், பாத்தினிய்யாக்கள், சூபிய்யாக்கள். மெய்யியலை ஆசிரியர் துணையின்றித் தாமே, பாடம் சொல்லியும் நூல் எழுதியும் எஞ்சிய நேரத்தில், இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் கற்றுத் தேர்ந்ததாகவும், மேலும் ஓராண்டு அளவு அதனைச் சிந்தையில் புரட்டிப் பார்த்ததாகவும் எழுதுகிறார்கள். எந்தக் கருத்தையும் கண்டு அவர்கள் அஞ்சவில்லை.

இத்தகைய மனிதர் எதற்கு அஞ்சினார்கள்? ஒரு நாற்காலியை இழப்பதற்கு அஞ்சினார்கள். ஒரு பாடசாலையின் வாயிலைக் கடந்து வெளியே நடப்பதற்கு அஞ்சினார்கள். கண்ணையும் அறிவையும் ஐயுற்றபோது இரண்டே மாதத்தில் மீண்டவர்கள், பதவியைத் துறப்பதா வேண்டாமா என்பதில் ஆறு மாதம் கிடந்து உழன்றார்கள். நூலின் அமைப்பிலேயே பொதிந்துள்ள முரண் இது. முகப்பில் துணிந்து குதித்த நீச்சல்காரர், நூலின் நடுவே ஒரு காலை முன்னே வைத்து மறுகாலைப் பின்னே வைத்துத் தடுமாறுகிறார். அரபி மொழியில் தயங்குபவனைக் குறிக்க வழங்கும் மரபுத் தொடரையே இமாம் அவர்கள் தம்மைக் குறிக்கக் கையாள்கிறார்கள். தயக்கமின்றிக் குதித்ததாகச் சொன்ன அதே வாய் இதையும் சொல்கிறது என்பதை ஊன்றிக் கவனித்தால், நூலின் உயிர்நிலை இங்கே இருப்பது புலனாகும்.

அச்சத்தின் உருவம்

அந்த ஆறு மாதங்கள் ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில் (ஜூலை 1095) தொடங்கின. அபூதாலிப் மக்கீ (ரஹ்) அவர்களின் 'கூத்துல் குலூப்', ஹாரிஸ் முஹாஸிபீ (ரஹ்) அவர்களின் நூல்கள், ஜுனைது, ஷிப்லீ, பாயஸீது ஆகிய பெரியோர்களின் வாக்குகள் எல்லாவற்றையும் ஓதி முடித்து, ஏட்டால் அடையத்தக்கது இனி எஞ்சவில்லை, எஞ்சியது நடந்து காண வேண்டியது என்று தெளிந்துவிட்டார்கள். தம் பாடம் சொல்லும் பணியை உரைத்துப் பார்த்தார்கள். அதன் நோக்கம் புகழும் பதவியுமாய் இருப்பதைக் கண்டார்கள். இடிந்து விழும் கரையின் விளிம்பில் நிற்பதாக உணர்ந்தார்கள்.

தெளிவு பிறந்ததும் செயல் பிறந்துவிடும் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். இமாம் அவர்களின் அனுபவம் அப்படி இல்லை. காலையில் மறுமையின் வேட்கை எழும். மாலையில் ஆசை என்னும் படை வந்து அதனைக் குலைத்துவிடும். உள்ளத்தின் ஒரு குரல் புறப்படு புறப்படு என்று கூவும். ஷைத்தானின் குரல் பதில் சொல்லும். அந்தப் பதில்தான் இப்பகுதியின் நுட்பமான இடம்.

ஷைத்தான் இங்கே பாவத்தின் இனிமையைக் காட்டி மயக்கவில்லை. வயதில் மூத்த உறவினர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொல்லும் புத்திமதி போலவே அவன் பேச்சு இருக்கிறது. இந்த மனநிலை வந்து போவது, விரைவில் தணிந்துவிடும். இதற்கு இணங்கி, போட்டியாளர் தொல்லை இல்லாமல் வாய்த்த இந்தப் பெரும் பதவியை விட்டுவிட்டால், நாளை மனம் மீண்டும் இதனை நாடும். அன்று இது எளிதில் கிட்டாது. சாரம் இவ்வளவே. இதில் பொய் எங்கே இருக்கிறது? உலகியல் அறிவு முழுவதும் இதை ஒப்புக்கொள்ளும். பக்தாதின் நிலையும் அப்போது சரியில்லை. நிஜாமுல் முல்க் 1092-இல் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே சுல்தான் மலிக்ஷாஹ் இறந்தார். அரசுரிமைப் போர் மூண்டது. அந்தக் கலக்கத்திலும் நிலைத்து நின்ற பீடத்தைக் கைவிடுவது எந்தக் குடும்பத் தலைவருக்கும் அச்சம் தரும் செயலே. இமாம் அவர்கள் தம் அச்சத்தை அற்பமானதாகக் காட்டவில்லை. அதற்குரிய வலுவோடு அதனைப் பேச விட்டிருக்கிறார்கள். எதிரியின் வாதத்தை எதிரியே சொல்வதைக் காட்டிலும் திருத்தமாக எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுப்பது அவர்களின் வழக்கம். மெய்யியலார்க்கு அவர்கள் செய்ததும் அதுவே. தம் சொந்த அச்சத்திற்கும் அந்த நீதியையே செய்கிறார்கள்.

நாவின் பூட்டு

அடுத்து வருவது, அரபி உரைநடையில் மிகச் சுருங்கச் சொல்லி மிகப் பெரிது உணர்த்தும் பக்கங்களுள் ஒன்று. ஆறாம் மாதத்தில் விருப்பம் என்ற எல்லை கடந்து நிர்ப்பந்தம் என்ற எல்லைக்குள் காரியம் சென்றுவிட்டது. இறைவன் அவர்களின் நாவுக்குப் பூட்டிட்டான். வந்து கூடும் மாணவர்களின் மனம் குளிர ஒரு நாளேனும் பாடம் சொல்ல முயன்றார்கள். ஒரு சொல்லும் வெளிவரவில்லை. நாவின் தடை நெஞ்சில் துயராயிற்று. துயரால் செரிமானம் கெட்டது. கஞ்சியும் இறங்கவில்லை, ஒரு கவளமும் செரிக்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டனர். இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவிய நோய். உள்ளம் தன் கவலையினின்றும் ஓய்ந்தாலன்றி மருந்துக்கு வழியில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இந்த இடத்தில் வாக்கியங்களின் எழுவாய் மாறுவதை நோக்குக. இதற்கு முன்னுள்ள பக்கங்களில் 'நான்' என்பதே எழுவாய்: நான் மூழ்கினேன், நான் ஆராய்ந்தேன், நான் கற்றேன், நான் அறிந்தேன். இங்கே செயல் செய்பவன் இறைவன். செயலுக்கு உள்ளாவது நாவும் நெஞ்சும் உடலும். தம்மால் எதுவும் ஆகாது என்று உணர்ந்தபோது, வேறு போக்கில்லாத நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவன் முறையிடுவதுபோல இறைவனிடம் முறையிட்டதாகக் கூறுகிறார்கள். அவர்கள் ஆளும் சொல் 'முள்தர்ரு'. திருக்குர்ஆன் ஓதும் எவருக்கும் அச்சொல் கேட்டவுடன் அந்நம்லு அத்தியாயத்தின் 62-ஆம் ஆயத்து நினைவுக்கு வரும். நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவனின் அழைப்புக்கு விடை தருபவன் யார் என்று வினவும் ஆயத்து அது. ஒரே சொல்லால் தம் நிலையை அந்த வினாவின் உள்ளே கொண்டு வைத்துவிடுகிறார்கள். விளக்கவுரை எதுவும் சேர்க்கவில்லை. அதன்பின், பதவியையும் செல்வத்தையும் மக்களையும் நண்பர்களையும் விட்டுப் போவது தம் உள்ளத்துக்கு எளிதாக்கப்பட்டது என்கிறார்கள். எளிதாக்கிக்கொண்டேன் என்று சொல்லவில்லை.

நாவே ஆசிரியரின் முதல். கைத்தொழிலாளிக்குக் கைபோல, ஓதிக்கொடுப்பவருக்கு நாவு. எந்த நாவின் வன்மையால் பீடம் கிடைத்ததோ அந்த நாவே பூட்டப்பட்டபோது, பீடத்தை விடுவதா என்ற வினாவுக்கு இடமே இல்லாமற் போயிற்று. அஞ்சியது எதுவோ அது, முடிவு எடுக்கும் முன்பே நிகழ்ந்துவிட்டது. பாடம் சொல்லாத கஸ்ஸாலியாக இருப்பது எப்படி என்று ஆறு மாதம் அஞ்சியவர்கள், பக்தாதின் எல்லையைக் கடக்கும் முன்பே பாடம் சொல்லாத கஸ்ஸாலி ஆகிவிட்டார்கள்.

அவர்களின் இளமையைப் பற்றி வழங்கும் ஒரு செய்தி இங்கு ஒப்பிடத்தக்கது. தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்கள் தம் 'தபகாத்' நூலில் பதிந்துள்ளது அது. ஜுர்ஜானில் ஓதித் திரும்பும் வழியில் கொள்ளையர் இமாம் அவர்களின் பையைப் பறித்தனர். பாடக் குறிப்புகளை மட்டுமாவது திருப்பித் தருமாறு அவர்கள் கெஞ்ச, ஏட்டைப் பறித்தால் போய்விடும் கல்வி ஒரு கல்வியா என்று கொள்ளையர் தலைவன் நகைத்துத் தந்தானாம். அதன்பின் மூன்றாண்டுகள் இருந்து அவற்றை மனனம் செய்தார்கள் என்பது வரலாறு. 'முன்கிது' இதனைக் கூறவில்லை. எனினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தோன்றும். முதல் முறை ஏடு பறிபோனது. கல்வி ஏட்டிலிருந்து நெஞ்சுக்கு இறங்கிற்று. இரண்டாம் முறை நாவு பறிபோனது. கல்வி நெஞ்சிலிருந்து வாழ்வுக்கு இறங்கிற்று. இரு முறையும் கற்பித்தது இழப்பே.

அஞ்சியதில் கண்டது

அப்படி அவர்கள் கண்டது என்ன? நோய்க்கு முன்னரே அவர்கள் ஓர் உவமை கூறியிருக்கிறார்கள். உடல்நலத்தின் இலக்கணத்தை அறிவது வேறு. நலமாக இருப்பது வேறு. போதையின் இலக்கணம் அறியாமலே குடிகாரன் போதையில் இருக்கிறான். நோயுற்ற மருத்துவனோ நலத்தின் இலக்கணமும் காரணமும் மருந்தும் எல்லாம் அறிந்திருந்தும் நலம் இல்லாதிருக்கிறான். அதுபோலவே துறவின் இலக்கணம் அறிவது வேறு. துறவு நிலை வேறு. இவ்வுவமை வந்த சில பக்கங்களுக்குள் இமாம் அவர்கள் தாமே அந்த நோயுற்ற மருத்துவராகிக் கிடக்கிறார்கள். உவமையாய்ச் சொன்னது உண்மையாய் நிகழ்கிறது. இதனைத் திட்டமிட்ட அணி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் படிப்பவர் நெஞ்சில் இது தைக்காமல் போகாது.

அதன் பின்னர் நூலின் மொழியே மாறிவிடுகிறது. நபித்துவத்தைப் பற்றிப் பேசும் இறுதிப் பகுதி முழுவதும் மருத்துவ மொழி. நபிமார்கள் உள்ளத்து நோய்களின் மருத்துவர்கள், வணக்கங்கள் மருந்துகள், மருந்துக் கூட்டின் அளவு எப்படி நோயாளியின் தர்க்கத்துக்குப் புலப்படாதோ, அப்படியே ருகூஉக்கும் ஸுஜூதுக்கும் உள்ள எண்ணிக்கையின் மறைபொருளும் வெற்றறிவுக்குப் புலப்படாது என்று விளக்குகிறார்கள். கஞ்சியும் இறங்காமல் படுத்துக் கிடந்தவர் ஒருவரின் எழுத்து இது என்பதை மறந்து படித்தால் இப்பகுதி வெறும் வாதமாகத் தோன்றும்; நினைவில் வைத்துப் படித்தால், பட்டறிந்தவரின் பேச்சாக ஒலிக்கும்.

தனிமையில் அவர்கள் பெற்றதைப் பற்றி நூல் அடக்கமாகவே பேசுகிறது. திமிஷ்குப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் இருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஷாம் நாட்டில் கழிந்தன. பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவின் உள்ளே கதவடைத்துத் தனித்திருந்தார்கள். பின்னர் ஹிஜாஸ் சென்று ஹஜ்ஜையும் ஸியாரத்தையும் நிறைவேற்றினார்கள். அதன்பின் பிள்ளைகளின் அழைப்பு அவர்களை ஊருக்கு இழுத்தது. குடும்பப் பொறுப்பும் பிழைப்பின் தேவையும் தனிமையைக் கலைத்துக்கொண்டே இருந்தன என்றும், தெளிந்த நிலை இடையிடையே மட்டும் வாய்த்தது என்றும் ஒளிவின்றி எழுதுகிறார்கள். அந்த நேரங்களில் திறந்தவை எவை என்று கேட்டால், பழைய கவிஞர் ஒருவரின் அடியை எடுத்துக்காட்டி, நல்லதென்று எண்ணிக்கொள், விவரம் கேளாதே என்ற கருத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எல்லாவற்றையும் இலக்கணப்படுத்திய எழுதுகோல், பெற்ற பேற்றின் முன் நின்றுவிடுகிறது. நாவின் முதற் பூட்டு நோயால் வந்தது. இந்த இரண்டாம் பூட்டு அவர்களே இட்டுக்கொண்டது.

ஐயுறுவோரும் அவர்க்கு விடையும்

இந்த வரலாற்றை அப்படியே ஏற்காத அறிஞர்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் எழுதியோர் சிலர், இமாம் அவர்கள் பக்தாதை விட்டது பாத்தினிய்யாக்களின் கொலைவாளுக்கு அஞ்சியே என்றனர்; வேறு சிலர், பிற்காலத்தில் தம்மை உயர்த்திக்காட்டப் புனைந்த நூல் இது என்றனர். இந்த ஐயம் புதிதன்று. பக்தாது மக்கள் அன்றே பலவாறு பேசினர் என்பதை இமாம் அவர்களே பதிந்துள்ளார்கள். தொலைவில் இருந்தோர், ஆட்சியாளரின் அதிருப்தியே காரணம் என்றனராம்; ஆட்சியாளர் தடுத்தும் அவர்கள் தங்காததை அருகிருந்து கண்டோர், இஸ்லாத்தின் மீதும் கல்வியாளர் மீதும் பட்ட கண்ணேறு என்றனராம்.

அவர்களை நேரில் அறிந்த அப்துல் காபிர் அல்பாரிஸீயின் சான்று இங்கே மதிப்புடையது. முன்பு தற்பெருமையும் பிறரை எளிதாக எண்ணும் போக்கும் கொண்டிருந்தவரிடம் பின்னர்க் காணப்பட்ட பணிவை, அவர் முதலில் போலி என்றே கருதினார். பலமுறை கண்டு பழகி ஆராய்ந்த பிறகே அது மெய்யென ஒப்பினார். ஐயத்தோடு சென்று தெளிவோடு திரும்பிய இச்சான்று, புகழ்மாலைகள் பலவற்றினும் கனமானது.

எனினும், பதினொரு ஆண்டுகளும் இடையறாத் தனிமை என்று கொள்வதும் பொருந்தாது. அந்தலுஸைச் சேர்ந்த காழி அபூபக்ர் இப்னுல் அரபீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 490-இல் பக்தாதிலேயே இமாம் அவர்களைச் சந்தித்துப் பாடம் கேட்டதாக எழுதியுள்ளார்கள். துறந்த ஊருக்கே இமாம் அவர்கள் திரும்ப வந்து சில காலம் தங்கியது இதனால் பெறப்படும். நூல் இதனைத் தனியே கூறவில்லை. ஆகவே 'முன்கிது' நாட்குறிப்பு அன்று. தேர்ந்தெடுத்துச் சொன்ன வாழ்க்கை. தேர்ந்தெடுப்பது பொய் சொல்வதாகாது. புகழ் தேடிப் புனைபவர், ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் வைத்த கதையையோ, மக்காவுக்குப் போவதாக வெளியே சொல்லிவிட்டு ஷாமுக்குப் போக உள்ளே திட்டமிட்டதையோ புனைந்து சேர்த்திருக்கமாட்டார்.

நூலின் குறைகள்

போற்றுதலோடு நின்றால் அது திறனாய்வாகாது. இந்நூலில் குறையெனத் தோன்றுவன உண்டு. பாத்தினிய்யாக்களோடும் மெய்யியலாரோடும் நடத்தும் வாதம் நூலில் பெரும் இடத்தை அடைத்துக்கொள்ள, உயிரான ஆறு மாதங்கள் சில பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. வழக்காடும் பழக்கம் எழுதுகோலை விட்டு முற்றிலும் நீங்கவில்லை.

மற்றொன்று நம் குடும்பங்கள் கருத வேண்டியது. தமக்கும் பிள்ளைகளுக்கும் போதிய அளவு நிறுத்திக்கொண்டு எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டதாக இமாம் அவர்கள் எழுதுகிறார்கள். பொறுப்பற்ற துறவு அன்று அது. ஆயினும், தந்தை விட்டுச் சென்ற வீட்டில் அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதற்கு நூலில் ஒரு வரி இல்லை. பிள்ளைகள் இழுக்கும் கயிறாக மட்டுமே வருகிறார்கள். முந்நூறு மாணவர்களும் ஓர் எண்ணாகவே நின்றுவிடுகிறார்கள். அவர்களின் அச்சத்துக்கும் ஏக்கத்துக்கும் நூலில் நாவு இல்லை. அக்கால நூல்மரபு இத்தகைய செய்திகளுக்கு இடம் தருவதன்று என்பது உண்மையே. எனினும் இன்று படிப்போர்க்கு அந்த வெற்றிடம் புலப்படவே செய்யும்.

மூன்றாவது: கலீல் நகரில் இபுறாஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கவிடத்தில், ஆட்சியாளர் அவைக்குச் செல்வதில்லை, அவர்தம் பொருளைப் பெறுவதில்லை, வாதப்போரில் இறங்குவதில்லை என்று மூன்று உறுதிமொழிகள் எடுத்ததாக இமாம் அவர்களின் பாரசீகக் கடிதம் ஒன்று கூறுகிறது. நைஸாபூர் நிஜாமிய்யாவோ ஆட்சியின் கலாசாலை, அழைத்ததும் ஆட்சியே. அந்த உறுதிமொழிக்கும் இந்தத் திரும்புதலுக்கும் இடையே அவர்கள் உள்ளத்தில் நிகழ்ந்திருக்கக்கூடிய போராட்டத்தை 'முன்கிது' காட்டவில்லை.

திரும்பியும் திரும்பாமை

ஆனால் திரும்புதலைப் பற்றி அவர்கள் கூறியுள்ள ஒரு கருத்து, இக்குறைகள் அனைத்தையும் மீறி நிற்கிறது. மீண்டும் கல்வி பரப்ப வந்தேனாயினும் நான் திரும்பவில்லை. திரும்புதல் என்பது இருந்த நிலைக்கே மீளுதல். அன்று பதவி ஈட்டித் தரும் கல்வியைப் பரப்பினேன், இன்று பதவியைக் கைவிடச் செய்யும் கல்வியின்பால் அழைக்கிறேன் என்பது அதன் சாரம்.

இங்கே ஷைத்தானின் பழைய வாதத்தை மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாளை உன் மனம் இப்பீடத்தை நாடும் என்றான். ஒருவகையில் அவன் சொன்னது நடந்தது. இமாம் அவர்கள் பீடத்துக்கு வந்தார்கள். குடும்பக் கவலை விடாது என்ற அச்சமும் பொய்யாகவில்லை, விடவில்லை. அஞ்சியவை பெரும்பாலும் நடந்தேறின. பொய்யானது ஒன்றே: அவை நடந்தால் தம் வாழ்வு வறிதாகிவிடும் என்ற கணக்கு. பீடம் போயிற்று, அப்பீடத்தில் இருந்து பெற முடியாதது வந்தது. 'இஹ்யாஉ உலூமித்தீன்' என்னும் பெருநூலின் பிறப்பு இந்த ஆண்டுகளோடு பிணைந்ததே. பக்தாதின் பீடம் நிலைத்திருந்தால் வாதத்தில் வல்ல ஓர் ஆசிரியர் நமக்கு எஞ்சியிருப்பார். நம் பாட்டிமார்களும் பெயர் சொல்லி அறிந்த இமாம் எஞ்சியிருப்பார்களா என்பது ஐயம்.

மூஸா நபி (அலை) அவர்களின் கைத்தடி பாம்பாயிற்று; அஞ்சாமல் பற்றும்படி கட்டளை வந்தது; பற்றியதும் தடியாயிற்று. அஞ்சியதைப் பற்றினால் அது துணையாகும் என்று நாம் அந்நிகழ்ச்சியைச் சுட்டிப் பேசுவோம். இமாம் அவர்களின் நூல் வேறொன்றையும் கற்பிக்கிறது: பற்றும் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, பேரறிஞருக்கும் வாய்க்காத நாட்கள் உண்டு, அப்போது அஞ்சியதே வந்து நம்மைப் பற்றிக்கொள்ளும். அந்நிலையிலும் இறைவனின் வழி அடைபடுவதில்லை.

வேலை ஓய்வை நினைத்து அஞ்சுவோரும், நோயில் படுப்பதை நினைத்து அஞ்சுவோரும், பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிவிட்டு வெறும் வீட்டை அஞ்சுவோரும் நம்மிடையே பலர். அவர்களிடம் போய், அஞ்சாதீர், எல்லாம் நன்மைக்கே என்று சொல்வது எளிது. அவர்களுக்கு அது ஆறுதல் ஆவதில்லை. கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் அஞ்சினார்கள், ஆறு மாதம் அஞ்சினார்கள், உணவு இறங்காத அளவுக்கு அஞ்சினார்கள் என்று சொல்வது வேறு வகையான ஆறுதல். ஆகவே மேடையில் அவர்களின் வரலாற்றைச் சொல்வோர் இனியேனும் அந்த ஆறு மாதங்களை விடாமல் சொல்லட்டும். அவர்களே எழுதி வைத்ததை நாம் மறைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.